பதினைந்து ஏக்கரும் 2,280 படுக்கைகளும்

தமிழில் சிறை என்றால் எல்லாம் சிறைதான். அமெரிக்க ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன, இரண்டும் வெவ்வேறு இடங்கள். தண்டனை பெற்று வருடக்கணக்கில் இருப்பவர்களுக்கானது பிரிசன். அதை மாநில அரசோ மத்திய அரசோ நடத்தும். ஜெயில் உள்ளூர் விவகாரம். நேற்று இரவு பிடிபட்டவர், ஜாமீனுக்குப் பணம் புரட்ட முடியாதவர், வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று தெரியாதவர், சில மாதத் தண்டனைக்காரர் எல்லோரும் அங்கேதான். நம் ஊர்க் கிளைச்சிறையை அடுக்குமாடியாக்கினால் ஏறக்குறைய அதுதான். அமெரிக்க ஜெயில்களில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் நிரபராதிகள்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் எழுதப்போவது டெட்ராய்ட்டில் ஒரு ஜெயில் இடம் மாறிய கதை. நிலத்துக்கு நிலம், கட்டடத்துக்குக் கட்டடம் என்று நடந்த ஒரு பெரிய பரிவர்த்தனை. அதைப் பற்றிய செய்திகளில் ஏக்கர் வரும், கோடிகள் வரும், கால்பந்து மைதானம் வரும். உள்ளே இருக்கப்போகிறவர்கள் யார் என்பது கடைசிப் பத்தியில்கூட வராது. அதனால் அவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

2016இலிருந்து நான்கு வருடம் அந்த ஊரில் வேலை பார்த்தேன். கார் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் ஒரு நிறுவனம். வீடு, அங்கிருக்கும் பெரும்பாலான இந்தியர்களைப்போல, புறநகரில். காலையில் ஐ-75 நெடுஞ்சாலையில் தெற்கே வந்து, ஐ-375 என்ற குட்டி நெடுஞ்சாலைக்கு மாறி டவுன்டவுனுக்குள் நுழையும் இடத்தில், வலப்பக்கம் அது நிற்கும். கான்கிரீட் தளங்கள், தூண்கள், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள். வேலையாட்கள் யாரும் இல்லை. கட்டிக்கொண்டிருக்கும் ஏதோ மால் என்று நினைத்து ரூம்மேட்டிடம் கேட்டேன்.

"மாலா? அது ஜெயிலு மச்சான். பாதி கட்டி, காசு எகிறிப்போய் அப்படியே விட்டுட்டாங்க. இங்க எல்லாரும் ஃபெயில் ஜெயில்னுதான் சொல்வாங்க."

ஊரின் வாசலில் பாதி கட்டிய ஒரு சிறைச்சாலையை நிறுத்திவைத்திருக்கும் நகரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

*

டெட்ராய்ட் இருப்பது வேய்ன் கவுண்டியில். கவுண்டி என்பதை நம்மூர் மாவட்டம் மாதிரி வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகமும் சொந்த வரியும் சொந்தக் கடனும் உண்டு. ஜெயிலை நடத்துவது கவுண்டியின் பொறுப்பு. கவுண்டியிடம் இருந்தவை மூன்று பழைய ஜெயில் கட்டடங்கள். அதில் ஒன்று 1929இல் திறக்கப்பட்டது. அவற்றின் நிலைமை பற்றிக் கைதிகள் 1971இல் போட்ட வழக்கு பல பத்தாண்டுகள் ஓடியது. ஒரு தலைமுறை வழக்கறிஞர்கள் அந்த வழக்கிலேயே ஓய்வுபெற்றிருப்பார்கள். ஆகவே புது ஜெயில் வேண்டும் என்பதில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது.

2011இல் கிராஷிட் அவென்யூவில் கட்டத் தொடங்கினார்கள். (பிரெஞ்சுப் பெயர். எழுத்தைப் பார்த்துவிட்டு நாம் என்னென்னவோ உச்சரிப்போம், ஊர்க்காரர்கள் சொல்வது கிராஷிட்.) சுமார் 2,000 படுக்கைகள், 30 கோடி டாலர் பட்ஜெட், கடன் பத்திரம் விற்று எடுத்த பணம். 2013 ஜூனில் கணக்குப் பார்த்தபோது செலவு 39 கோடியை எட்டும் என்று தெரிந்தது. அதற்குள் 15 கோடி போல மண்ணில் இறங்கியிருந்தது. வேலையை நிறுத்தினார்கள். அடுத்த மாதம், ஜூலை 18 அன்று, டெட்ராய்ட் நகராட்சி திவால் மனு போட்டது. அமெரிக்க வரலாற்றில் அவ்வளவு பெரிய நகரம் எதுவும் அதுவரை அப்படிச் செய்ததில்லை. 2014இல், ஜெயில் செலவு விவரங்களை மறைத்ததாக அதிகாரிகள் சிலர்மீது வழக்கு வந்தது. 2015இல் கவுண்டியே நிதி நெருக்கடியில் மாநில அரசோடு ஒரு மேற்பார்வை ஒப்பந்தத்துக்குள் போக வேண்டியிருந்தது.

வேலை நின்றாலும் வட்டி நிற்காது. கட்டாத ஜெயிலுக்குக் கவுண்டி மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் டான் கில்பர்ட் வருகிறார். வீட்டுக்கடன் நிறுவனமான குயிக்கன் லோன்ஸின் நிறுவனர். 2010இல் தன் நிறுவனத்தைப் புறநகரிலிருந்து டவுன்டவுனுக்குக் கொண்டுவந்து, யாரும் தொடாத கட்டடங்களை வரிசையாக வாங்கத் தொடங்கியவர். டெட்ராய்ட்டில் அவரைப் பற்றி இரண்டே அபிப்பிராயங்கள்தான்: ஊரைக் காப்பாற்றியவர், ஊரை வாங்கியவர். கிராஷிட் இடத்திலிருந்து அடிபந்து மைதானம், அமெரிக்கக் கால்பந்து மைதானம், கேசினோ எல்லாம் நடக்கும் தூரம். அந்த இடத்தில் ஜெயில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. 2013இலேயே அவருடைய ராக் வென்ச்சர்ஸ் 5 கோடி டாலருக்கு இடத்தைக் கேட்டது. 2016இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் கூடைப்பந்து அணியின் உரிமையாளர் டாம் கோர்ஸோடு சேர்ந்து, அங்கே 100 கோடி டாலரில் ஒரு சாக்கர் மைதானமும் கோபுரங்களும் கட்டலாம் என்று படம் காட்டினார்கள். 2017இல், இடத்தைக் கொடுங்கள், உங்களுக்கு வேறு இடத்தில் நானே ஜெயில் கட்டித் தருகிறேன் என்றார்.

*

நம் பத்திரப்பதிவு அலுவலகங்களில் பரிவர்த்தனைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. என் நிலத்தை நீ எடுத்துக்கொள், உன் நிலத்தை நான் எடுத்துக்கொள்கிறேன், மதிப்பில் வித்தியாசம் இருந்தால் மேற்கொண்டு பணம் கொடுத்துச் சரிக்கட்டலாம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கும்போது வரப்பு ஒழுங்காக வரவேண்டும் என்பதற்காகச் செய்துகொள்வார்கள். டெட்ராய்ட்டில் நடந்ததும் அதுதான். மூன்று கைகள், பெரிய தொகை.

2018 ஜூனில் கவுண்டி ஆணையர்கள் ஒப்புதல் கொடுத்த ஏற்பாடு சுருக்கமாக இது. கிராஷிட்டில் பாதி கட்டிய ஜெயில் நின்ற சுமார் 15 ஏக்கர் கில்பர்ட் தரப்புக்கு. புது வளாகம் தயாரானதும், டவுன்டவுனில் இருக்கும் பழைய ஜெயில்களும் குற்றவியல் நீதிமன்றக் கட்டடமும்கூட அவர்களுக்கே. பதிலாக அவர்கள் ஐ-75 ஓரத்தில், கிழக்கு வாரன் அவென்யூ பக்கம், ஜெயில், சிறார் காப்பகம், நீதிமன்றம், ஷெரிஃப் அலுவலகம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் எல்லாம் சேர்ந்த ஒரு வளாகத்தைக் கட்டித் தருவார்கள். மதிப்பீடு 53.3 கோடி டாலர். அதில் 38 கோடி கவுண்டி கொடுக்கும். செலவு எகிறினால் அது ராக் தரப்பின் தலையில்.

வாரன் அவென்யூ நிலம் கவுண்டியுடையது அல்ல, டெட்ராய்ட் நகராட்சியுடையது. போக்குவரத்துத் துறை பயன்படுத்திய இடம். அதைக் கொடுத்த நகராட்சிக்குக் கவுண்டியிடமிருந்து கிடைத்தவற்றில் ஒன்று, நகரின் மேற்கே பிளைமவுத் சாலையில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பிரம்மாண்டமான கட்டடம். ஒருகாலத்தில் அமெரிக்கன் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் தலைமையகம். ஆனால் 1927இல் அதைக் கட்டியது கார் கம்பெனி கிடையாது, கெல்வினேட்டர். ஆமாம், நம் வீட்டுச் சமையலறை மூலையில் நின்ற அதே ஃபிரிட்ஜ் பெயர்தான். கெல்வினேட்டர் ஆலை ஒரு ஜெயிலுக்கான நிலத்துக்கு ஈடாகக் கை மாறியிருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் சிரிப்புதான் வந்தது. பிறகு நகராட்சி அதை இடித்தது.

இந்த ஒப்பந்தத்தைத் திட்டுவது சுலபம். கோடீஸ்வரருக்குத் தங்கமான இடம், கைதிகளுக்கு நெடுஞ்சாலை ஓரம். புது இடத்துக்கு ஓரிரு தெரு தள்ளி 1980களின் கடைசியிலிருந்து 2019 வரை நகரத்தின் குப்பை எரி ஆலை ஓடிக்கொண்டிருந்தது, அதன் நாற்றம் அந்தப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் கவுண்டிக்கு இது மோசமான பேரம் அல்ல என்றே தோன்றுகிறது. கட்டி முடிக்கும்போது மொத்தச் செலவு 67 கோடி டாலர் அளவுக்குப் போனது. மேலே போன தொகையைத் தாங்க வேண்டியவர் யார் என்று ஏற்கெனவே எழுதிவைத்திருந்தார்கள். ஒருமுறை சூடுபட்ட கவுண்டி இந்தமுறை கையை உள்ளே விடவில்லை. 2024இல் கைதிகள் புது வளாகத்துக்கு மாற்றப்பட்டார்கள். 1929 கட்டடத்தைவிட அது எல்லா விதத்திலும் மேல். வெளிச்சம் வருகிறது, குழாயில் தண்ணீர் வருகிறது, நீதிமன்றம் அதே வளாகத்தில். இதையெல்லாம் அற்பமாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, நான் அந்தப் பழைய கட்டடத்தில் ஒரு இரவுகூடத் தூங்கியவன் அல்ல.

என் பிரச்சினை வேறு. புது ஜெயிலில் 2,280 படுக்கைகள். சிறார்களுக்கு அதற்கு மேல் 160. இந்த எண்ணை யார் முடிவு செய்தார்கள்?

*

மென்பொருள் வேலையில் கெப்பாசிட்டி பிளானிங் என்று ஒரு சடங்கு உண்டு. அடுத்த வருடம் எத்தனை சர்வர் வேண்டும் என்று கணிப்பது. அதில் எல்லோரும் சாய்ந்துகொள்ளும் ஒரு சூத்திரம் இருக்கிறது, லிட்டிலின் விதி. ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்தது. ஒரு அமைப்புக்குள் சராசரியாக எத்தனை பேர் இருப்பார்கள்? உள்ளே வரும் வேகத்தை, ஒவ்வொருவரும் உள்ளே தங்கும் நேரத்தால் பெருக்கு. அவ்வளவுதான். டீக்கடைக்கும் பொருந்தும், சரவண பவன் வரிசைக்கும் பொருந்தும், டேட்டாபேஸ் கனெக்‌ஷனுக்கும் பொருந்தும்.

ஜெயிலுக்கு அப்படியே பொருந்தும். உதாரணத்துக்கு நானாக ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு ஜெயிலுக்குள் தினம் 60 பேர் வருகிறார்கள், சராசரியாக 30 நாள் இருக்கிறார்கள். எந்த நாள் போய் எண்ணினாலும் சுமார் 1,800 பேர் இருப்பார்கள். தங்கும் நாளை 20 ஆக்குங்கள், 1,200. ஒரு செங்கல்கூட அசையவில்லை, 600 படுக்கை மிச்சம். கூடவே வருகிறவர்களை 60இலிருந்து 50 ஆக்கினால் 1,000.

ஆக, ஜெயில் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பது கட்டடக் கலைஞரிடம் கேட்கவேண்டிய கேள்வியே கிடையாது. யாரைப் பிடிக்கிறோம் என்பதைப் போலீஸும் சட்டமன்றமும் தீர்மானிக்கின்றன. எத்தனை நாள் வைத்திருக்கிறோம் என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கிறது: ஜாமீன் தொகை எவ்வளவு, அடுத்த தேதி எப்போது, அரசு தரும் வழக்கறிஞர் எப்போது வந்து பார்ப்பார். இந்த இரண்டு எண்களையும் பெருக்கினால் கிடைப்பதுதான் படுக்கை எண்ணிக்கை.

டெட்ராய்ட்டில் நடந்தது தலைகீழ். முதலில் ஒரு நிலத்தை விடுவிக்க வேண்டியிருந்தது. அதற்குப் புது ஜெயில் வேண்டியிருந்தது. பேரம் முடிய வேண்டுமானால் ஜெயிலுக்கு ஒரு அளவு வேண்டும், விலை போட வேண்டும் அல்லவா? இருந்த நிலைமையை ஒட்டி ஒரு எண் எழுதப்பட்டது. அது கான்கிரீட்டில் வார்க்கப்பட்டது. இன்னும் 50 வருடத்துக்கு அந்த ஊர் ஒரே நேரத்தில் எத்தனை பேரைப் பூட்டிவைக்கலாம் என்ற உச்சவரம்பு, ஒரு ரியல் எஸ்டேட் பரிவர்த்தனையின் பின்னிணைப்பாக முடிவானது.

"படுக்கை இல்லாமல் போனால் நெரிசல் வருமே" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, 1971 வழக்கே நெரிசலை ஒட்டி வந்ததுதான். ஆனால் சர்வர் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு ஒன்று தெரியும். இடம் காலியாக இருந்தால் யாரும் நிரலைச் செப்பனிட மாட்டார்கள். நினைவகம் நிறையும்போதுதான் எங்கே வீணாகிறது என்று தேடுவார்கள். ஜெயிலில் காலியிடம் இருந்தால், ஒரு வழக்கை இன்னும் இரண்டு வாரம் தள்ளிவைப்பது யாருக்கும் உறுத்தாது.

*

எங்கள் அணியில் டெஸ்டிங் பார்த்த ஒருவன், டெட்ராய்ட்டில் பிறந்து வளர்ந்த கறுப்பினத்தவன். நான் கேட்காமலே ஊரைப் பற்றிச் சொல்லித் தருவான். ஒரு திங்கட்கிழமை வரவில்லை, செவ்வாய் வந்தான். தம்பியை ஜெயிலில் வைத்திருக்கிறார்கள் என்றான். டெட்ராய்ட்டில் இல்லை, வேறொரு கவுண்டி. என்ன குற்றம் என்று கேட்கத் தயங்கினேன். அவனே சொன்னான்.

"லைசன்ஸ் சஸ்பெண்ட் ஆனதுக்கப்புறம் வண்டி ஓட்டிட்டான். அவ்வளவுதான்."

"அதுக்கு ஜெயிலா?"

"லைசன்ஸ் ஏன் போச்சுன்னு கேளு. பழைய ஃபைன் ஒண்ணு கட்டல. கட்டலன்னா லைசன்ஸ் போகும். லைசன்ஸ் இல்லன்னா வேலைக்குப் போகக் கூடாது. வேலைக்குப் போகலன்னா ஃபைன் எப்படிக் கட்டுவான்? இந்த ஊர்ல பஸ்ஸை நம்பி ஷிஃப்டுக்குப் போக முடியுமா, நீயே சொல்லு."

முடியாது. மோட்டார் சிட்டி என்று பெயர் எடுத்த ஊர் அது. வண்டி இல்லாமல் பால் வாங்கப் போக முடியாது. கார் இன்சூரன்ஸ் அந்த நாட்டிலேயே மிக அதிகமாக இருந்த நகரங்களில் அதுவும் ஒன்று.

ஜாமீன் தொகையில் பத்து சதவீதம் கட்டினால் வெளியே வரலாம் என்பது மிஷிகனில் உள்ள ஒரு முறை. அந்தப் பத்து சதவீதம் 500 டாலர். ஒன்பது நாள் ஆனது, அம்மா, அக்கா, இவன் என்று சேர்த்துக் கட்ட. வெளியே வந்தபோது கிடங்கில் பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிருந்தது. நான் கேட்டிருந்தால் அந்த 500ஐ அன்றே கொடுத்திருப்பேன் என்று சொன்னேன். "அது எனக்குத் தெரியும். அதனாலதான் கேட்கல" என்றான். அந்தப் பதில் எனக்கு அன்று முழுசாகப் புரியவில்லை. ஊரில் மாமாவிடம் கைமாற்று கேட்கக் கூச்சப்பட்டு அம்மா நகையை அடகு வைத்த நாட்களை நினைத்துப் பார்த்தபோது புரிந்தது.

இது ஒரு ஆளின் கதை என்று விட முடியாது. 2019இல் மிஷிகன் மாநிலம் ஜெயில்களைப் பற்றி ஆராய ஒரு கூட்டுக் குழு அமைத்தது. அது கண்டுபிடித்தவை: குற்றங்கள் 50 வருடத்தில் இல்லாத அளவு குறைந்திருக்கின்றன. ஆனால் 35 வருடத்தில் ஜெயில்களில் இருப்போர் எண்ணிக்கை ஏறக்குறைய மூன்று மடங்கு ஆகியிருக்கிறது. மக்கள் ஜெயிலுக்குப் போகும் காரணங்களில் மூன்றாவது இடத்தில் இருப்பது, செல்லுபடியாகும் லைசன்ஸ் இல்லாமல் வண்டி ஓட்டுவது.

கொலையும் கொள்ளையும் நிறைந்த இடம் என்றுதானே ஜெயிலைக் கற்பனை செய்கிறோம்? 2,280 படுக்கை வேண்டும் என்றதும் 2,280 பயங்கரமான ஆட்கள் மனதில் வருகிறார்கள். அந்த வரிசையில் ஒரு கிடங்குத் தொழிலாளியும் 500 டாலர் இல்லாமல் படுத்திருக்கிறான்.

*

கிராஷிட் என்ற பெயர் டெட்ராய்ட்டின் வயதானவர்களுக்கு இன்னொன்றையும் ஞாபகப்படுத்தும். அந்தச் சாலையின் தெற்கே பிளாக் பாட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. கறுப்பின மக்கள் வேறெங்கும் வீடு எடுக்க முடியாத காலத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி. அதன் முதுகெலும்பு ஹேஸ்டிங்ஸ் தெரு. மளிகைக்கடை, மருந்துக்கடை, பார்பர், தேவாலயம், இரவானால் இசை. ஜான் லீ ஹூக்கரின் 1948ஆம் வருட 'பூகி சில்லன்' பாட்டில் அந்தத் தெருவின் பெயர் வரும்.

1946இலேயே நகராட்சி அந்தப் பகுதியை இடித்துப் புதுப்பிக்கத் திட்டம் அறிவித்தது. 'கிராஷிட் மறுமேம்பாடு' என்பதுதான் அதன் பெயர். 1950களின் தொடக்கத்தில் வீடுகளை இடித்தார்கள். இடித்த பிறகு கட்ட ஆள் வரவில்லை. களை மண்டிப்போன அந்த நிலத்துக்கு ஊர்க்காரர்கள் களைப்பெயரிலேயே 'ராக்வீட் ஏக்கர்ஸ்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பிறகு அங்கே மீஸ் வான் டெர் ரோ வடிவமைத்த லஃபாயெட் பார்க் எழுந்தது. மிக அழகான குடியிருப்பு, கட்டடக்கலைப் புத்தகங்களில் இன்றும் இடம்பெறுவது. இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்தவர்களில் பெரும்பாலோர் அங்கே திரும்ப முடியவில்லை. ஹேஸ்டிங்ஸ் தெருவின்மேல் கிரைஸ்லர் நெடுஞ்சாலை வந்தது. நான் தினமும் காரில் வந்த ஐ-75உம் ஐ-375உம் அந்தத் தெருவின் தடத்தில்தான் ஓடுகின்றன.

வரைபடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். கில்பர்ட்டுக்குப் போன நிலம் அந்த நெடுஞ்சாலையின் ஓரம். கவுண்டிக்கு வந்த நிலம் இரண்டு மைல் போல வடக்கே, அதே நெடுஞ்சாலையின் ஓரம். பரிவர்த்தனையின் இரண்டு முனைகளும் ஒரே புதைந்த தெருவின் கரையில் இருக்கின்றன. 1950களில் அந்த நிலத்தைக் காலி செய்தபோது 'மக்களுக்கு நல்ல வீடு' என்றார்கள், 2018இல் 'நகரத்துக்கு நல்ல வாசல்' என்றார்கள். இரண்டு முறையும் சொன்னவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. நிலத்துக்கு விலை போடும் கருவிகள் நம்மிடம் துல்லியமாக இருக்கின்றன. மனிதர் இழக்கும் நாட்களுக்கு விலை போடும் கருவி எதுவும் கிடையாது. எது அளக்கப்படுகிறதோ அதுதான் பேரத்தில் பேசப்படுகிறது.

ஜெயிலை நகர்த்தி விடுவிக்கப்பட்ட அந்த 15 ஏக்கர் என்ன ஆனது? சாக்கர் மைதானத் திட்டம், ஜெயில் ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, 2017 நவம்பரில் கைவிடப்பட்டது. இருக்கும் கால்பந்து மைதானத்திலேயே ஆடிக்கொள்கிறோம் என்றார்கள், லீகில் அந்த ஊருக்கு இடமும் கிடைக்கவில்லை. 2018இல் பாதி ஜெயிலை இடித்தார்கள். 2019இல் மிஷிகன் பல்கலைக்கழகத்தின் 30 கோடி டாலர் புத்தாக்க மையம் அங்கே வரும் என்று அறிவித்தார்கள். 2021இல் அது வேறு இடத்துக்குப் போய்விட்டது. நிலம் மட்டும் வருடக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது. நான் ஊரைவிட்டுக் கிளம்பிய 2020இலும் அங்கே கட்டடம் எதுவும் இல்லை. ராக்வீட் ஏக்கர்ஸின் பேரப்பிள்ளை.

அதாவது, இந்தப் பரிவர்த்தனையில் ஒரு பக்கம் முழுக்க வரைபடமாக இருந்தது, மறுபக்கம் முழுக்கக் கான்கிரீட்டாக எழுந்தது. எழுந்த பக்கம் ஜெயில்.

*

அப்படியானால் 50 வருடத்துக்கு 2,280 என்பது தலையெழுத்தா? லிட்டிலின் விதி இல்லை என்கிறது. உச்சவரம்பை மாற்ற முடியாது, பெருக்கப்படும் இரண்டு எண்களையும் மாற்ற முடியும். மாற்றியும் இருக்கிறார்கள்.

2020 வசந்தத்தில் கொரோனா ஜெயில்களுக்குள் புகுந்தது. வேய்ன் கவுண்டி ஜெயிலில் பணியாற்றிய மருத்துவர்களும் காவலர்களும் இறந்தார்கள். சில வாரங்களில் நூற்றுக்கணக்கானோரை விடுவித்தார்கள். பல வருடமாக 'முடியாது' என்று சொல்லப்பட்டது ஒரு மாதத்தில் முடிந்தது.

2021இல், அந்தக் கூட்டுக் குழுவின் பரிந்துரைகளை ஒட்டிய மாநிலச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அபராதம் கட்டாதது போன்ற, வண்டி ஓட்டும் திறனோடு சம்பந்தமில்லாத பல காரணங்களுக்காக லைசன்ஸைப் பறிப்பது நின்றது. பழைய அணியின் வாட்ஸப் குழுவில் அந்தச் செய்தியைப் பகிர்ந்தேன். டெஸ்டிங் நண்பன் கட்டைவிரல் மட்டும் போட்டான். சற்று நேரம் கழித்து, "தம்பி இப்ப டிரக் ஓட்டுறான்" என்று ஒரு வரி.

2022 ஜூலையில் நடந்தது இன்னும் முக்கியம் என்று நினைக்கிறேன். டெட்ராய்ட்டின் 36வது மாவட்ட நீதிமன்றத்தின் ஜாமீன் முறையை எதிர்த்து சிவில் உரிமை அமைப்புகள் 2019இல் தொடுத்திருந்த வழக்கு சமரசத்துக்கு வந்தது. இனி பண ஜாமீன் கேட்பதானால், ஏன் கேட்கிறேன் என்பதை நீதிபதி பதிவில் சொல்லவேண்டும். மத்திய அரசின் வறுமைக்கோட்டைப்போல் இரண்டு மடங்குக்குக் கீழே வருமானம் உள்ளவரால் பணம் கட்ட முடியாது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் செய்தியோடு எந்தப் படமும் வரவில்லை. கிரேன் இல்லை, ரிப்பன் வெட்டும் விழா இல்லை, கண்ணாடிக் கோபுரத்தின் கணினி ஓவியம் இல்லை. சில பக்கச் சட்ட ஆவணம். ஆனால் தங்கும் நாட்களைக் குறைப்பது அதுதான். ஒரு படுக்கையைக் காலியாக்கும் ஒரே நேர்மையான வழி, அதில் படுத்திருக்க வேண்டியிராத ஆளை வீட்டுக்கு அனுப்புவது.

எந்த ஊரிலும் நகர மத்தியிலிருந்து ஜெயிலை வெளியே கொண்டுபோகும் பேச்சு வரும்போது பூங்கா வேண்டுமா, மால் வேண்டுமா, மெட்ரோ நிலையம் வேண்டுமா என்று காலியாகும் நிலத்தைப் பற்றி நாம் நிறைய விவாதிக்கிறோம். கேட்கவேண்டிய இடம் மறுமுனை. புது ஜெயிலில் எத்தனை படுக்கை, அந்த எண்ணை எந்தக் கணக்கில் எடுத்தீர்கள், உள்ளே இருப்பவர்களில் எத்தனை பேர் பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக இருக்கிறார்கள், கான்கிரீட் ஊற்றும் முன் அவர்களைக் கழித்துவிட்டீர்களா? இதைக் கேட்க சட்டப் படிப்பு வேண்டாம், பெருக்கல் தெரிந்தால் போதும்.

டெட்ராய்ட்டின் புது ஜெயில் ஐ-75இலிருந்து நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் போகிற நண்பர்கள் படம் அனுப்பியிருக்கிறார்கள். சுத்தமான, வெளிர் நிறக் கட்டடம், ஏதோ பல்கலைக்கழக விடுதி மாதிரி. ஒருநாள் அதன் சில தளங்கள் ஆளில்லாமல் விளக்கு அணைந்து கிடக்கும் என்றால், 67 கோடி டாலர் வீணாகிவிட்டது என்று யாராவது தலையங்கம் எழுதக்கூடும். அந்த ஊர் செய்த செலவிலேயே உருப்படியாக அமைந்தது அந்த இருட்டுத் தளங்கள்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.